முதல் மரணத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

நர்சிங் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் பொம்மைக் கையில் குத்திப் பழகுவார்கள், அப்புறம் சீனியர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், அப்புறம் நாம் பக்கத்தில் நிற்க அவர்கள் போடுவார்கள், பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகுதான் தனியாக விடுவோம். சிறுநீர்க் குழாய் வைப்பது, மூக்கு வழியாக டியூப் போடுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஆனால் இறந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ஒரு வகுப்பு, புத்தகத்தில் சில பக்கங்கள், பரீட்சையில் வந்தாலும் வரலாம் என்ற ஒரு கேள்வி, அதோடு சரி. ஒரு மாணவி தன் முதல் மரணத்தை எப்போது பார்ப்பாள், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், முடிந்த பிறகு அவளிடம் யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்பதையெல்லாம் அன்றைய டியூட்டி லிஸ்ட்தான் தீர்மானிக்கிறது.

செவிலியர் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மனத்துணிவு இருந்தால் தானாக வந்துவிடும் என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி வருவதில்லை. இறப்பவரைப் பராமரிப்பதில் கை செய்ய வேண்டியது இருக்கிறது, கண் கவனிக்க வேண்டியது இருக்கிறது, வாய் பேசிப் பழக வேண்டியது இருக்கிறது. ஊசியைப் போலவே இதையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியும்.

இது புதுக் குறையும் இல்லை. ஜீன் குவின்ட் என்ற அமெரிக்கச் செவிலியர் 1967-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உயிரைக் காப்பாற்றும் வேலைகளை நர்சிங் பள்ளிகள் திட்டம் போட்டுச் சொல்லித்தருகின்றன, மரணத்தோடு மாணவிக்கு ஏற்படும் சந்திப்பை மட்டும் தற்செயலுக்கு விட்டுவிடுகின்றன என்பதுதான் அவர் கண்டது. இத்தனை வருடம் கழித்தும் அது பொருந்துகிறதே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. வர்ஜீனியா ஹெண்டர்சன் செவிலியர் பணிக்குக் கொடுத்த விளக்கத்தை முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆரோக்கியத்துக்கும் குணமடைவதற்கும் உதவுவது என்று சொல்லும் அதே வாக்கியத்தில் அமைதியான மரணத்துக்கு உதவுவதும் இருக்கிறது. பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், நாம் மார்க் போடுகிறோம், அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

"அதெல்லாம் ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தில், வேலை பார்ப்பவர்களுக்குத் தேவை, எங்கள் பிள்ளைகள் பொது வார்டுக்குத்தானே போகிறார்கள்" என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 5.68 கோடி பேருக்கு பேலியேட்டிவ் கேர், அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு தேவைப்படுகிறது, அதில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீதிப் பேர் சாகாமலா இருக்கிறார்கள்? மெடிக்கல் வார்டில், ஐசியுவில், எமர்ஜென்சியில், வீட்டில் இறக்கிறார்கள். அந்தக் கட்டிலருகே யூனிஃபார்ம் போட்டு யாராவது நின்றால், அது இந்தப் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரண வார்டு நர்ஸாகத்தான் இருக்கும்.

புது பேட்ச் வார்டுக்குப் போவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பேர் போடாமல், மரணத்தைப் பற்றி உங்களுக்கு என்ன பயம் என்று எழுதச் சொல்வேன். வருகிற பதில்களைப் பார்த்தால் நம் பாடத்திட்டம் எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கிறது என்பது தெரியும். தத்துவக் கேள்வி ஒன்றுகூட இருக்காது. "நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?" "இறந்துவிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" "எனக்கு அழுகை வந்தால் சிஸ்டர் திட்டுவார்களா?" "அவர் மகள் என்னைப் பார்த்து ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால் என்ன சொல்வது?" "உடம்பைத் தனியாகத் துடைக்கச் சொல்லிவிடுவார்களா?" எல்லாம் வேலை சம்பந்தப்பட்ட கேள்விகள், நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இதற்குப் பதில் சொல்லாமல் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதனால் அந்தத் தாள்களைத்தான் நான் பாடத்திட்டமாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உடம்பு என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஒளிக்காமல். கடைசி நாட்களில் தூக்கம் கூடிக்கொண்டே போகும், சாப்பாடு வேண்டாமென்று ஆகிவிடும், சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்துவிடும். கை கால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் திட்டுத்திட்டாக ஊதா நிறம் படரும், போர்வையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஆகவே விலக்கிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூச்சு மெல்லத் தொடங்கி ஆழமாகி, திரும்ப அடங்கி, பல நொடிகள் நின்றேபோய், மறுபடி தொடங்கும். செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று புத்தகத்தில் ஒரு வரியில் வரும் இதை நேரில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். மூச்சு நின்ற அந்த இடைவெளியில் மாணவிக்குத் தன் மூச்சும் நின்றுவிடும், முடிந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொல்வாள், திரும்பி வந்து பார்த்தால் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அதனால் இதை வகுப்பிலேயே வாய்விட்டு மூச்சுவிட்டுக் காட்டுவேன், கடிகாரத்தை வைத்துக்கொண்டு இடைவெளியை எண்ணச் சொல்வேன். வார்டில் எண்ணுவதற்கு ஒன்று இருக்கும்போது கால் நடுங்குவது குறைகிறது.

தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். விழுங்கவும் இருமவும் சக்தியில்லாமல் போவதால் அங்கே தங்கும் சுரப்புநீரில் காற்று போய் வரும் சத்தம் அது. கேட்பவர்களுக்கு அவர் மூழ்கித் திணறுவதுபோலத் தோன்றும், பிள்ளைகள் உடனே சக்‌ஷன் மெஷினைத் தேடுவார்கள். ஆழமாக டியூப் விட்டு உறிஞ்சுவது அவருக்குத் துன்பத்தைத்தான் கூட்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வாயோரம் வழிவதைத் துடைத்தாலே பல நேரம் சத்தம் குறைந்துவிடும். ஹையோசின், கிளைக்கோபைரோலேட் மாதிரி மருந்துகள் புதிதாகச் சுரப்பதைக் குறைக்கலாம், ஏற்கெனவே தேங்கியதை அவை வற்ற வைக்காது. இதைவிட முக்கியம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் போய், "இந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டமா இருக்கு. அப்பா ஆழ்ந்த மயக்கத்துல இருக்காரு, முகத்தைப் பாருங்க, சுளிப்பு எதுவும் இல்லை" என்று சொல்வது. அந்த இரண்டு வாக்கியத்தை மாணவி தன் வாயால் முன்பே சொல்லிப் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் வரும்.

வாய் பராமரிப்பைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், பிள்ளைகளுக்கு அலுத்துவிடும், பரவாயில்லை. வாயைத் திறந்தபடியே மூச்சு விடுவதால் நாக்கு வறண்டு, வெடித்து, உதடு ஒட்டிக்கொள்ளும். டிரிப்ஸ் ஏற்றினால் இது சரியாகிவிடும் என்று குடும்பத்தினர் நினைப்பார்கள். கடைசி நாட்களில் ஏற்றும் தண்ணீர் நுரையீரலிலும் காலிலும்தான் போய்த் தேங்கக்கூடும், வாய் வறட்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். மெல்லிய ஸ்பாஞ்ச் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் மேல் என்று ஒற்றியெடுத்து, உதட்டில் களிம்பு தடவ வேண்டும். மணிக்கு ஒரு முறையாவது. நான் ஒரு காரியம் செய்கிறேன்: மாணவர்களை வாயைத் திறந்தபடி மூக்கை மூடிக்கொண்டு சில நிமிடம் மூச்சு விடச் சொல்லி, பிறகு ஒருவருக்கொருவர் அந்த ஸ்பாஞ்ச் குச்சியால் வாயைத் துடைத்துவிடச் சொல்கிறேன். எவ்வளவு அழுத்தினால் குமட்டுகிறது, எவ்வளவு ஈரம் போதும் என்பது அப்போதுதான் தெரிகிறது. குடும்பத்தில் ஒருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்வேன், ஊட்ட முடியவில்லையே என்று தவிக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

இன்னொன்று. மயக்கமான நோயாளி திடீரென்று அமைதியில்லாமல் புரள்கிறார், போர்வையை இழுக்கிறார், எழுந்திருக்கப் பார்க்கிறார் என்றால் கடைசிக் கட்டக் குழப்பம் என்று எழுதிவிட்டு மயக்க மருந்துக்குப் போன் போடுவதற்கு முன்னால், அடிவயிற்றில் கைவைத்துப் பார் என்று சொல்கிறேன். சிறுநீர்ப்பை நிரம்பிக் கல்போல இருக்கும், அல்லது குழாய் மடங்கிக் கிடக்கும். நேராக்கிவிட்டதும் பையில் நீர் இறங்கும், அவர் அடங்கித் தூங்கிவிடுவார். மலச்சிக்கலும் இதே மாதிரிதான் படுத்தும். இதைக் கண்டுபிடிக்கும் மாணவிக்கு வரும் நம்பிக்கை தனி. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னதாக எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, செய்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்பது அங்கேதான் புரிகிறது.

நினைவில்லாதவரிடம் பேசலாமா என்று எப்போதும் கேட்பார்கள். பேச வேண்டும். 2020-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு ஹாஸ்பிஸில் இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது, மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு நினைவற்றுக் கிடந்தவர்களில் சிலருடைய மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியதை மூளையின் மின் அலைப் பதிவில் (ஈஈஜி) பார்த்தார்கள். சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்தப் பதிவால் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டிலுக்கு மேலே நின்று அடுத்த ஷிஃப்ட்டைப் பற்றிப் பேசாதே என்பதற்கு இது போதும். "பாட்டி, உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும்.

வலி மருந்து விஷயத்தில் பயம் மாணவர்களிடம் மட்டுமில்லை, சீனியர்களிடமும் இருக்கிறது, அவர்களிடமிருந்துதான் இவர்களுக்கு வருகிறது. மார்ஃபின் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், பழக்கமாகிவிடும், கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்ற மூன்று நம்பிக்கைகளால் எத்தனையோ பேர் தேவையில்லாமல் வலியில் கிடந்திருக்கிறார்கள். வலிக்குத் தக்கபடி அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் மூச்சை ஆபத்தான அளவுக்கு அடக்குவது அரிது, அதற்கு முன்னால் மிதமிஞ்சிய தூக்கக் கலக்கம் வரும், அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மலச்சிக்கல் மட்டும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், ஆகவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று கேட்பது நர்ஸின் வேலை. இடையில் வலி பீறிட்டு வந்தால் கொடுக்கும் கூடுதல் டோஸ், ஒரு நாள் மொத்த அளவில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை இருப்பது வழக்கம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேச முடியாதவருக்கு வலி இருக்கிறதா என்பதற்குப் பெய்னாட் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, முற்றிய மறதி நோய் உள்ளவர்களுக்காக உருவாக்கியது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 10-க்கு எத்தனை என்று எழுதுவார்கள். மூச்சுத் திணறலுக்கும் மருந்து தவிர எளிய வழி உண்டு, சின்ன மின்விசிறியைக் கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் மெல்லக் காற்று படும்படி வைத்தாலே பலருக்குத் திணறல் குறைகிறது.

அப்புறம் யாரும் வெளியே சொல்லாத ஒரு பயம் இருக்கிறது: நான் போட்ட ஊசிக்குப் பத்து நிமிடம் கழித்து அவர் இறந்துவிட்டால் நான்தானே காரணம்? சாகப்போகிறவருக்குக் கடைசி டோஸ் என்று ஒன்று இருந்தே தீரும், அதை யாரோ ஒரு நர்ஸ்தான் கொடுத்திருப்பாள். அளவு சரி, காரணம் வலி, கொடுத்த நேரம் எழுதப்பட்டிருக்கிறது என்றால் அவரைக் கொண்டுபோனது அவருடைய நோய். இதை மாணவி வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒரு பெரியவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். கேட்காதவர்கள் பின்னாளில் வலி மருந்தைத் தள்ளிப்போடும் நர்ஸாகிறார்கள் என்பது என் எண்ணம்.

சிசிலி சாண்டர்ஸ் பற்றி வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கப்புறம்தான் டாக்டர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திருக்காமல் மணி தவறாமல் மருந்து கொடுப்பதை வலியுறுத்தியவர். உடம்பு வலி, மன வலி, குடும்பம், பணம் பற்றிய கவலை, வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் மொத்த வலி என்றார். மார்ஃபினைக் கூட்டிக்கொண்டே போயும் ஒருவர் வலி வலி என்கிறார் என்றால், அவர் பேசாமல் ஒதுக்கிவைத்திருக்கும் மகனைப் பற்றி யாராவது கேட்டீர்களா என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

பேச்சுக்கு வருகிறேன். "சிஸ்டர், நான் பிழைச்சிடுவேனா?" இந்தக் கேள்வியை நோயாளிகள் டாக்டரிடம் கேட்பதைவிட, வியர்வையைத் துடைத்துவிடும் சின்னப் பெண்ணிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் வார்டு அடங்கிய ராத்திரியில். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பதில்கள், "சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்பதும் "டாக்டரைக் கேளுங்க" என்பதும். முதல் பதில் பொய், அவருக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டாவது கதவைச் சாத்துவது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் பொறுப்பு மாணவிக்குக் கிடையாது, அது சரி. ஆனால் "ஏன் ஐயா அப்படிக் கேக்குறீங்க, உங்களுக்கு என்ன தோணுது?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார அவளால் முடியும். "இப்ப எதை நினைச்சு ரொம்பக் கவலையா இருக்கு?" என்று கேட்க முடியும். "இது எனக்குப் பதில் தெரியாத விஷயம், காலையில டாக்டர்கிட்ட நீங்க கேட்டதைச் சொல்றேன், அவர் வரும்போது நானும் கூட இருக்கேன்" என்று சொல்லி, சொன்னபடி இருக்கவும் முடியும்.

இதை நடித்துத்தான் பழக வேண்டும். வகுப்பில் ஒருத்தி நோயாளியாகக் கட்டிலில் படுப்பாள், இன்னொருத்தி நர்ஸ். நோயாளி கேள்வியைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நர்ஸ் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாராலும் முடிவதில்லை. கை தானாக டிரிப்ஸ் டியூபைத் தேடிப் போகும், போர்வையைச் சரி செய்யும், பிபி பார்க்கட்டுமா என்று வாய் கேட்டுவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் அவர்கள் முறை வரும்போது அதையே செய்வார்கள். கட்டிலில் படுத்திருந்தவளிடம் எது நன்றாக இருந்தது என்று கேட்டால், நர்ஸ் பேசாமல் இருந்த நேரம்தான் என்கிறாள். இந்த ஒரு பயிற்சியை மட்டும் அடிக்கடி செய்தாலே போதும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

குடும்பத்தினர் "அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்பார்கள், அவர் "என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்பார். இருவருக்கும் எல்லாம் தெரியும், இருவரும் தெரியாததுபோல நடிப்பார்கள். கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1965-லேயே இந்தப் பரஸ்பர நடிப்பை விவரித்து எழுதியிருக்கிறார்கள். அந்த நடிப்புக்கு நடுவில் போய் நிற்கும் மாணவியிடம் நான் சொல்வது, யாரையும் அவசரப்படுத்தாதே, நீயாகப் பொய்யும் சொல்லாதே, இரண்டு பக்கமும் கேட்டதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொண்டுபோ. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய ஐந்து நிலைகளை இங்கே எல்லோரும் இழுப்பார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. அவர் நோயாளிகளிடமே உட்கார்ந்து கேட்டார் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம், அதை மதிக்கிறேன். ஆனால் எல்லோரும் அந்த வரிசையில் போவார்கள் என்பதை ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. "இவர் இப்போது கோப நிலையில் இருக்கிறார்" என்று கேஸ் ஸ்டடியில் எழுதிக் கொண்டுவரும் மாணவியிடம், அவர் எதற்குக் கோபப்பட்டார் என்று கேட்டால், மூன்று தடவை மணி அடித்தும் யாரும் பெட்பேன் கொண்டுவரவில்லை என்பாள்.

இறந்த பிறகு செய்யும் வேலையை விவரமாகச் சொல்லாமல் அனுப்பவே கூடாது. உடம்பைத் திருப்பும்போது நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்று வெளியேறி முனகல்போலக் கேட்கும், சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் வாழ்நாளுக்கும் அதை மறக்கமாட்டாள். மலம், சிறுநீர் கசியும், அடியில் பேடு விரிக்க வேண்டும். 2 முதல் 6 மணி நேரத்துக்குள் விறைப்பு தொடங்கும், இமையும் தாடையும் முதலில், அதனால் கண்ணை மூடுவது, பல்செட்டை வைப்பது, தலைக்குத் தலையணை வைப்பது எல்லாம் சீக்கிரம் நடக்க வேண்டும். விசாரணைக்குப் போகக்கூடிய மரணம் என்றால் டியூப், லைன் எதையும் எடுக்கக்கூடாது. அடையாளப் பட்டையை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். முதல் தடவை ஒரு சீனியரும் மாணவியும் சேர்ந்து செய்ய வேண்டும், தனியாக விடவே கூடாது. சீனியர் அந்த உடம்பிடம் பேசிக்கொண்டே துடைப்பதைப் பார்த்தால், மாணவிக்கு நான் எடுக்கும் எந்த வகுப்பையும்விட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

மாணவியை நாம் மிகவும் மோசமாகக் கைவிடும் இடம் அதற்கடுத்த அரை மணி நேரம்தான். கட்டில் காலியாகிறது, ஷீட் மாறுகிறது, மாணவியை அடுத்த பெட்டுக்குப் பிபி பார்க்க அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒருவர் இறந்ததும் அங்கே இருந்த எல்லோரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, அவரவர் வழியில் மௌனமாக நிற்பது, இறந்தவரும் ஒருவரால் நேசிக்கப்பட்டவர் என்று யாராவது ஒருவர் சொல்வது, அவ்வளவுதான். அது பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. செலவே இல்லாத காரியம் இது, எந்த வார்டிலும் நாளைக்கே தொடங்கலாம். அழுகை வந்தால் அழட்டும், குடும்பத்தினர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலைமை வராத அளவுக்கு என்பது மட்டும்தான் வரம்பு. டியூட்டி முடிவதற்குள் ஆசிரியரோ சீனியரோ அவளோடு உட்கார்ந்து, என்ன பார்த்தாய், எது எதிர்பார்க்காதது, என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். வீட்டில் சமீபத்தில் ஒருவரை இழந்த மாணவர்கள் இருப்பார்கள், அவர்களை முன்கூட்டியே தனியாகக் கேட்டு, வேண்டுமானால் போஸ்டிங்கை மாற்றிக் கொடுக்கலாம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிழைக்க வழியே இல்லாத ஒருவருக்கு விலா எலும்பு நொறுங்க சிபிஆர், அதாவது நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்துவது, செய்வதையும் பார்த்துவிட்டு வருவார்கள், "ஏன் மேடம் அவருக்கு அப்படிச் செஞ்சாங்க?" என்பார்கள். சரியானது எது என்று தெரிந்தும் செய்ய முடியாத அந்த வேதனைக்கு அறநெறித் துயர் என்று ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-ல் பெயர் கொடுத்தார். அந்தக் கேள்வியை அடக்கக்கூடாது. யார் முடிவெடுத்தது, நோயாளியின் விருப்பத்தை எப்போது கேட்டிருக்கலாம் என்று பேச வேண்டும்.

செக்லிஸ்ட் கொடுத்தால் போதாதா என்பவர்களுக்கு லிவர்பூல் கேர் பாத்வேயை ஞாபகப்படுத்துவேன். ஹாஸ்பிஸில் நடக்கும் நல்ல பராமரிப்பை மருத்துவமனைக்குக் கொண்டுவரப் பிரிட்டனில் உருவாக்கிய வழிமுறை அது, நல்ல எண்ணத்தில் செய்தது. பல இடங்களில் கட்டம் கட்டமாக டிக் அடிக்கும் காகிதமாக மாறி, குடும்பத்துக்குச் சொல்லாமலேயே தொடங்கி, தண்ணீர் கேட்டவருக்கும் மறுக்கப்பட்டதாகப் புகார்கள் வந்து, 2013-ல் ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான ஆய்வுக்குழு அதைக் கைவிடச் சொன்னது. அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் போதுமான பயிற்சி இல்லாததும் அங்கே பேசப்பட்டது. காகிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பழகிய கைக்குத்தான் அது உதவும். அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய எல்னெக் என்ற திட்டம் செவிலியர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்ததும் அதனால்தான் எனக்குப் பிடிக்கும். மரணத்தைப் பார்த்துத் தானே பயப்படும் ஆசிரியர் இந்தப் பாடத்தை ஸ்லைடு போட்டு ஓட்டிவிடுவார்.

சிமுலேஷன் லேபில் பொம்மையை இறக்கவைப்பது பற்றி விவாதம் இருக்கிறது. சிபிஆர் தேர்வில் திடீரென்று பொம்மையைச் சாகடித்து மாணவியின் தோல்வியாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்பார்த்த மரணத்தை முதலில் பழகட்டும்: பொம்மையின் மூச்சு மெல்லக் குறைய, பக்கத்தில் மகளாக நடிப்பவர் கேள்வி கேட்க, வாயைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்து, டாக்டரைக் கூப்பிடுவதுவரை. அவசர மரணம் இரண்டாவதாக வரட்டும்.

எங்கள் பதிவேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம். வலி மதிப்பீடு, வாய் பராமரிப்பு, மூச்சைக் கவனித்து எழுதியது, குடும்பத்தோடு பேசியது, இறந்த பின் செய்த பராமரிப்பு ஒவ்வொன்றுக்கும் பார்த்தது, கூடச் சேர்ந்து செய்தது, தானே செய்தது என்று மூன்று கட்டம். மாணவி இருக்கும் காலத்தில் வார்டில் மரணமே நிகழாவிட்டால் கடைசிக் கட்டங்கள் காலியாகவே இருக்கலாம், அதற்காக மார்க் குறையாது. பக்கத்தின் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம், அது மாணவியுடையது இல்லை. ஒரு மரணத்தை அவள் பார்த்திருந்தால், அதே நாளில் அவளோடு உட்கார்ந்து பேசினேன் என்று ஆசிரியர் போட வேண்டிய கையெழுத்து. அது இல்லாமல் அந்தப் பதிவேட்டை அலுவலகத்தில் வாங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.